மூன்றாவது வரிசை

நல்ல சலவைக் கடிதம் ஒன்றுக்கு மூன்று பாகங்கள் வேண்டும் என்று லோத்தார் பிரெண்டல் கண்டுபிடித்திருந்தார். எழுதுகிறவர் யார், லோத்தாரை அவருக்கு எத்தனை வருஷமாகத் தெரியும் என்பது முதல் பாகம். போரில் தோற்றுப்போன ஆட்சியின் கட்சியைப் பற்றி லோத்தார் எப்போதாவது முகம் சுளித்துச் சொன்ன ஒரு பேச்சு, முடிந்தால் தேதியோடு, இரண்டாம் பாகம். எழுதுகிறவர் தான் கட்சியில் இருந்ததே இல்லை என்று தரும் உறுதி மூன்றாம் பாகம். இந்த மூன்றாவது இல்லாவிட்டால் முதல் இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கடிதம் நிற்காது.

1947 வசந்தத்தில் காஸல் நகரத்தில் எல்லோரும் இப்படிப்பட்ட கடிதங்களுக்குத்தான் அலைந்தார்கள். பழைய கறையை வெளுக்கும் கடிதம் என்று, ஒரு சலவைத்தூளின் பெயரை வைத்து ஊரே அதைக் கேலி செய்தது. பாதிரியார் எழுதிக் கொடுத்தார், பல் டாக்டர் எழுதிக் கொடுத்தார், பக்கத்து வீட்டு விதவை எழுதிக் கொடுத்தாள். எழுதிக் கொடுத்தவர்களுக்கு மறுவாரம் வாங்கிக்கொண்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கடிதங்களையெல்லாம் சேர்த்து, பழைய ஆட்சியில் யார் என்ன செய்தார்கள் என்று பார்க்கும் விசாரணை மன்றத்தில் கொடுத்தால், மன்றம் ஆளை ஐந்து பிரிவுகளில் ஒன்றில் வைக்கும். ஒன்றாம் பிரிவு பெரும் குற்றவாளி. ஐந்தாம் பிரிவு குற்றமே இல்லாதவர். நடுவில் நான்காம் பிரிவுக்கு 'கூடவே போனவர்' என்று பெயர். நாட்டில் பாதிப்பேர் அதில்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

லோத்தாருக்கும் அந்த நான்காம் பிரிவுதான் வேண்டும். அது கிடைத்தால் பொது மருத்துவமனையின் எரிந்துபோன அறுவைப் பிரிவைத் திரும்பக் கட்டும் வேலையை அவருக்கே தருவதாக நகரசபையில் சொல்லியிருந்தார்கள். மூன்றாவதோ இரண்டாவதோ வந்துவிட்டால் கட்டடக்கலைஞரான அவர் வருஷக்கணக்கில் வரைபலகையைத் தொட முடியாது. உடல் உழைப்பு மட்டும்தான். அவருக்கு வயது ஐம்பத்தொன்று.

உடல் உழைப்பு எப்படியிருக்கும் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு வருஷமாக இடிபாடுகளில் செங்கல் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அதையும் அவர் ரசித்துத்தான் செய்தார் என்று சொல்ல வேண்டும். பழைய வீட்டுச் செங்கல் சுண்ணாம்புக் கலவையில் பிடித்திருக்கும். சுத்தியலின் கூர்ப்பக்கத்தால் ஓரத்தில் ஒரு தட்டு தட்டினால் கலவை ஓடு மாதிரி கழன்றுவிடும். முப்பதுக்குப் பிறகு கட்டிய வீடுகளில் சிமெண்ட். அதைத் தட்டினால் கலவை போகாது, செங்கல்தான் உடையும். கூட வேலை செய்த பெண்களுக்கு அவர் இதை முதல் நாளே விளக்கிச் சொன்னார். "உயிர் பிழைக்கணும்னா பழைய சுவரைத் தேடிப் பிடிங்க," என்பார். அவர்களும், "வாத்தியார் வந்துட்டார்," என்று சிரித்துக்கொண்டே பழைய சுவரைத் தேடிப் போவார்கள்.

பத்துக் கடிதங்கள் சேர்ந்திருந்தன. அந்தச் சமயத்தில்தான் மன்றத்திலிருந்து பழுப்பு உறை வந்தது. அவர் மனைவி ஹெட்டா அதை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, தொடாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"பிரிச்சுப் பாரு," என்றாள்.

உள்ளே ஒரே தாள். அவருடைய வழக்கில் புதிதாக ஒரு சான்று சேர்க்கப்பட்டிருக்கிறது: 'கல்குவாரி முகாம், கைதிகள் கொட்டகை, மாற்றிய தரைப்படம், நவம்பர் 1941.' விசாரணைக்கு இன்னும் ஒன்பது நாள்.

"இது என்ன கொட்டகை? நீ ரயில் நிலையம்தானே கட்டினே?"

"பெரிசா ஒண்ணுமில்ல. பெர்லின்ல இருந்து வந்த படம். நான் அதுல கையெழுத்துகூடப் போடல."

"அப்புறம் ஏன் உன் பேர் வந்திருக்கு?"

"பேர் வரல, ஹெட்டா. அலுவலகத்தோட முத்திரை வந்திருக்கு. ரெண்டும் வேற."

அது எப்படி வேறு என்பதைப் புரிந்துகொள்ள, லோத்தார் நடத்திய அந்தக் கட்டடக்கலை அலுவலகத்தில் ஒரு படம் எப்படி உருவானது என்று தெரிய வேண்டும். மூலப்படம் ஒளி புகும் மெல்லிய தாளில் மையால் வரையப்படும். அதன் அடியில் மருந்து பூசிய தாளை வைத்து வெளிச்சம் காட்டி, பிறகு அமோனியா ஆவியில் விட்டால் கோடுகள் ஊதா நிறத்தில் எழும்பி வரும். இதுதான் பிரதி. அந்தப் பிரதியில்தான் லோத்தார் திருத்தங்களைப் போடுவார், பச்சைப் பென்சிலால். அலுவலகத்தில் பச்சை அவருக்கு மட்டும். தலைமை வரைவாளருக்குச் சிவப்பு, மற்றவர்களுக்கு நீலம். பச்சையில் இருந்தால் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும். வரைகிற பெண் அந்தப் பச்சைத் திருத்தத்தைப் பார்த்து மூலத்தில் பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதிய கோட்டை மையால் போடுவாள். பச்சை போட்ட பிரதி மறுநாள் அடுப்புப் பற்றவைக்கப் போய்விடும். அடுத்து எடுக்கிற பிரதிகளில் எல்லாக் கோடும் ஒரே ஊதா. திருத்தம் எது, யார் திருத்தியது என்று யாராலும் சொல்ல முடியாது. கீழே வலது மூலையில் இருக்கும் சிறிய கட்டங்கள் மட்டும்தான் சொல்லும்: வரைந்தவர், சரிபார்த்தவர்.

அந்தக் குவாரிப் படத்தில் 'வரைந்தவர்' கட்டத்தில் கோர்டுலா வைட் என்ற பெண்ணின் முதலெழுத்துகள் இருந்தன. 'சரிபார்த்தவர்' கட்டம் காலி. லோத்தார் அதைக் காலியாக விட்டது பயத்தால் அல்ல. ரயில் நிலையத்துக்கும் மாவட்டக் கட்சி மாளிகைக்கும் கையெழுத்துப் போட்ட கையால் ஒரு மரக்கொட்டகைக்குக் கையெழுத்துப் போட அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் கொட்டகைக்குள் இருந்த கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது. பெர்லின் மாதிரிப்படத்தில் உட்புற அகலம் ஏழு மீட்டர் முப்பது. இரண்டு பக்கச் சுவரிலும் தலைவைத்துப் படுக்கும்படி மூன்றடுக்குக் கட்டில்கள், வரிசைக்கு இருபத்துநான்கு. ஆக நூற்று நாற்பத்துநான்கு பேர். நடுவில் மூன்றரை மீட்டர் சும்மா கிடந்தது; மேசைகளும் இரண்டு அடுப்புகளும் மட்டும். குவாரியில் மூன்று கொட்டகை கேட்டிருந்தார்கள், இரண்டுக்குத்தான் மரம் இருந்தது. என்ன செய்யலாம் என்று கேட்டுப் படத்தை அனுப்பியிருந்தார்கள். ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது லோத்தாருக்கு. மேசைகளை எடுத்தார். அடுப்பில் ஒன்றை எடுத்தார், இன்னொன்றைக் கோடிச்சுவருக்குத் தள்ளினார். நடுவில் மூன்றாவது வரிசைக் கட்டில். ஒரு கட்டிலின் நீளம் ஒன்று தொண்ணூறு. மூன்று கட்டிலுக்கு ஐந்து எழுபது. மிச்சம் ஒன்று அறுபது. அதை இரண்டாகப் பிரித்தால் இரண்டு நடைபாதை, ஒவ்வொன்றும் எண்பது சென்டிமீட்டர். இருநூற்றுப் பதினாறு பேர். மூன்று கொட்டகை ஆட்கள் இரண்டு கொட்டகையில், ஒருவர்கூட மிச்சமில்லாமல். கணக்கு இப்படிச் சரியாக வந்து உட்காரும்போது அவருக்கு வரும் சந்தோஷம் அன்றைக்கும் வந்தது. பெர்லினிலிருந்து பாராட்டி இரண்டு வரி எழுதினார்கள். அடுத்த வாரமே அவர் அதை மறந்துவிட்டார்.

*

கோர்டுலா இப்போது நகர அளவைப் பிரிவில் வேலை பார்த்தாள். எந்த நிலவறை இன்னும் தாங்கும், எது தாங்காது என்று வீடு வீடாகப் போய்க் குறித்துவருவது அவள் வேலை. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் மேசை போட்டிருந்தார்கள். லோத்தார் மதியம் போனபோது அவள் கறுப்பு ரொட்டியில் பீட்ரூட் பாகு தடவித் தின்றுகொண்டிருந்தாள். எழுந்து நின்றாள், பழைய பழக்கம்.

"உக்காருங்க, உக்காருங்க. சாப்பிடுங்க."

"போன மாசமே ஒரு கடிதம் கொடுத்தேனே, ஹெர் பிரெண்டல்."

"அது பொதுவா எழுதினது. இது ஒரே ஒரு தாளுக்கு." மன்றத்து அறிவிப்பை அவள் முன்னால் வைத்தார்.

அவள் படித்தாள். பாகு ஒட்டிய விரலைத் தாளில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டே படித்தாள்.

"குவாரி வேலை."

"ஆமா."

"இதுல என் எழுத்துதானே இருக்கு."

"அதனாலதான் வந்தேன்." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "கோர்டுலா, நீங்க பொறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுலதானே? பத்தொன்பதுக்கு அப்புறம் பொறந்தவங்களுக்குப் பொது மன்னிப்பு கொடுத்துட்டாங்க. உங்களை எந்த மன்றமும் கூப்பிட முடியாது. சாட்சியா வேணா கூப்பிடலாம். கூப்பிட்டாலும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்த மாத்தத்தை நீங்களாவே செஞ்சீங்கன்னு எழுதினா உங்களுக்கு ஒரு கீறல்கூட விழாது. அதே பாரம் என் மேல விழுந்தா நான் எழுந்திருக்கவே முடியாது. பாரத்தை எது தாங்குமோ அது மேல வைக்கிறதுதானே நம்ம தொழில்?"

"ஓ, நான் தூணா?" அவள் சிரித்துவிட்டாள். "இருபத்தோரு வயசுல எனக்குப் படிக்கட்டுக் கணக்கே சரியா வராது. 'கோர்டுலா, இந்தப் படியில ஒட்டகச்சிவிங்கிதான் ஏறும்'னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"மன்றத்துல இருக்கிறவங்களுக்கு அது தெரியாதே. ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார். ஒரு அம்மா தபால் ஆபீஸ். இன்னொருத்தர் தச்சர்."

"தச்சருக்குப் படம் படிக்கத் தெரியும்."

"படத்துல இருக்கிறதைத்தானே படிப்பார்?"

அவள் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். "நீங்க அங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எங்க?"

"குவாரிக்கு."

"இல்ல. ஒருதடவை கூப்பிட்டாங்க. அப்போ ரயில் நிலையத்துக் கூரை வேலை ஓடிட்டிருந்தது."

"நான் போனேன். பிரதியை என்கிட்டதான் கொடுத்து அனுப்பினீங்க. ரெண்டு ரயில் மாறிப் போனேன். வாசல்லயே வாங்கிக்கிட்டாங்க."

"அப்படியா? தபால்ல போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன்."

வாசலில் என்ன பார்த்தாள் என்று அவர் கேட்கவில்லை. அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றினார்.

"இன்னொண்ணு இருக்கில்ல, அதையும் சொல்லிடுங்க," என்றாள் அவள். "வந்ததுல இருந்து சொல்லாம சுத்திச் சுத்தி வர்றீங்க."

"எதை?"

"வெடிமருந்து ஆலை."

நாற்பத்துமூன்றில் அலுவலகப் பெண்களையெல்லாம் வெடிமருந்து ஆலைக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது, கோர்டுலா இல்லாமல் அலுவலகம் நடக்காது என்று லோத்தார் எழுதிக் கொடுத்தார். போன மூன்று பெண்களில் ஒருத்தி விரல்களை இழந்தாள், ஒருத்தி திரும்பவில்லை. அவர் அதை இப்போது சொல்லிக் காட்டக் கூடாது என்றுதான் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தார். சொல்லாமலே அது மேசை மேல் இருந்தது.

அவள் ஒரு தாளை எடுத்தாள். அவர் சொல்லச் சொல்ல, படத்தின் மூலையில் எழுதுகிற அதே சாய்ந்த எழுத்தில் எழுதினாள். பெர்லினிலிருந்து மாதிரிப்படம் வந்தது; மரத்தட்டுப்பாடு பற்றிய குறிப்பும் கூட வந்தது. அடுத்த வரியில் பேனா நின்றது.

"மூணாவது வரிசையை நானே 'வரைஞ்சேன்'னு போடட்டுமா, 'சேர்த்தேன்'னு போடட்டுமா?"

"சேர்த்தேன்னு போடுங்க. வரைஞ்சேன்னா, யோசிச்சது யாருன்னு கேப்பாங்க."

போட்டாள். பிரெண்டல் அதைச் சரிபார்க்கவில்லை என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டாள். லோத்தார் மை காயும்வரை காத்திருந்து, மடித்துப் பைக்குள் வைத்தார். பதினோராவது கடிதம். போகும்போது அவள் கையைக் குலுக்க நீட்டினார். பாகு ஒட்டியிருக்கிறது என்று அவள் கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

*

நீதிமன்றக் கட்டடம் இடிந்து கிடந்ததால் விசாரணை ஒரு மதுக்கடையின் பின்கூடத்தில் நடந்தது. ஒரு பக்கம் முழுக்க மரக்குண்டு உருட்டி விளையாடும் நீளமான பலகைத்தளம். அதன் மேல் கோப்புகளை அடுக்கியிருந்தார்கள். தலைவர் ஃபோகெல்சாங், ஓய்வுபெற்ற வாத்தியார், இருமிக்கொண்டே இருந்தார். அவருக்கு இடது பக்கம் தபால் ஆபீஸ் அம்மா, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். வலது பக்கம் தச்சர் டீட்ஸ். தொழிற்சங்கக்காரர், இரண்டு வருஷம் முகாமில் இருந்தவர், பெரிய கைகள். பார்வையாளர் பெஞ்சில் ஹெட்டா, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு இடம் தள்ளிக் கோர்டுலா.

தலைவர் பழைய விஷயத்திலிருந்து தொடங்கினார். லோத்தாரின் பழைய கூட்டாளி மாக்ஸ் ஹிர்ஷ்லாண்ட். இருவரும் பத்து வருஷம் சேர்ந்து நடத்திய அலுவலகம். யூதர் என்று ஹிர்ஷ்லாண்டின் உரிமத்தைப் பறித்த மாதமே அலுவலகம் முழுதும் லோத்தார் பெயருக்கு மாறியிருக்கிறது.

"அவர் தானாவேதான் எழுதிக் கொடுத்தார்," என்றார் லோத்தார். "வேற யாருக்காவது போறதுக்கு உங்களுக்கே போகட்டும்னு சொன்னார்."

"பெயர்ப்பலகையை என்ன பண்ணினீங்க?"

"முதல்ல அவர் பேரை மட்டும்தான் எடுத்தோம். அப்புறம் மிச்ச எழுத்து ஒரு பக்கமா ஒதுங்கித் தெரிஞ்சுது. பார்க்க நல்லா இல்ல. அதனால புதுப் பலகை வச்சோம்."

"அவர் இப்போ எங்கே?"

"நாற்பத்தொண்ணு டிசம்பர்ல ரிகாவுக்கு ஏத்தின ரயில்ல போனார்னு கேள்விப்பட்டேன்."

தலைவர் இருமினார், எழுதிக்கொண்டார். அதுபற்றிப் பாதிரியாரின் கடிதம் ஒன்று இருந்தது. ஹிர்ஷ்லாண்ட் குடும்பத்துக்கு லோத்தார் ஒரு கிறிஸ்துமஸுக்கு உருளைக்கிழங்கு மூட்டை அனுப்பியதாகச் சொன்னது. அதைப் படித்தார்கள். மற்றவற்றையும் படித்தார்கள். ஒரு மணி நேரம் போனது. கடிதங்கள் நன்றாக நின்றன. ஹெட்டா கோட்டின் மேல் பட்டனைக் கழற்றினாள்.

பிறகு படத்தை விரித்தார்கள். கோர்டுலாவின் கடிதத்தைத் தலைவர் சத்தமாகப் படித்தார். அவளை எழுந்து நிற்கச் சொல்லி, எழுத்து அவளுடையதுதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். உட்காரச் சொன்னார்.

டீட்ஸ் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"ஆர்கிடெக்ட் ஐயா, நாலு நாளா இதைப் பார்த்துக்கிட்டிருக்கேன். நான் மரவேலைக்காரன், எனக்குத் தெரிஞ்ச அளவுல கேக்கறேன். ரெண்டு நடைபாதை. ஒவ்வொண்ணும் எண்பது சென்டி. சரிதானே?"

"படத்துல அப்படித்தான் இருக்கு."

"சூப் வாளியைத் தூக்கிக்கிட்டு ஒருத்தன் உள்ள வர்றான்னு வைங்க. எதிர்ல ஒருத்தன் வெளிய போறான். எண்பதுல எப்படி ஒதுங்குவாங்க? ஒருத்தன் கட்டில் மேல ஏறணும். காலையில கணக்கெடுக்கக் கூப்பிட்டா இருநூறு பேரும் கதவுகிட்ட முட்டிக்கிட்டு நிப்பாங்க." அவர் மற்ற இருவரையும் பார்த்தார். "எனக்கு இதைப் பார்த்தா ஒண்ணு மட்டும் நிச்சயமாத் தெரியுது. தொழில் தெரிஞ்ச கட்டடக்காரன் போட்ட படம் இல்ல இது. இந்தப் பொண்ணு போட்டதுன்னு சொல்றாங்க, நம்பறேன். கத்துக்குட்டி வேலை. மனுஷன் நடப்பான்னே யோசிக்காம, காலி இடத்துல கட்டிலை அடைச்சு வச்சிருக்கு. அவ்வளவுதான், எனக்கு வேற கேள்வி இல்ல."

தலைவர் தலையாட்டினார். தபால் ஆபீஸ் அம்மா எழுதினாள்: தொழில் தெரிந்தவர் வேலை அல்ல. தலைவர் படத்தைச் சுருட்டக் கை நீட்டினார். ஹெட்டா மூச்சை விட்டாள்.

லோத்தார் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அது அவருக்குத் தெரிந்தும் இருந்தது. படத்தின் ஒரு முனை சுருண்டுவிட்டது.

"எதிர்ல யாரும் வரமாட்டாங்க," என்றார்.

டீட்ஸ் நிமிர்ந்தார். "என்ன?"

"எதிர்ல வரமாட்டாங்க. நீங்க ரெண்டு பாதையையும் போகவர இருக்குன்னு நினைச்சுப் பார்க்கறீங்க. அப்படிப் பார்த்தா ஒண்ணு இருபது வேணும்தான், நீங்க சொல்றது சரி. ஆனா இது ஒரே திசை. கதவுல நுழைஞ்சு இடது பாதையில போவாங்க, கோடியில அடுப்புகிட்ட திரும்பி, வலது பாதையில வருவாங்க. ஒருத்தரை ஒருத்தர் தாண்டவே வேண்டாம். ஒரே திசைன்னா எண்பது தாராளம், வாளியோட சேர்த்து. கூட்டமும் சேராது. ஓடிக்கிட்டே இருக்கும், தண்ணி மாதிரி. அது தெரிஞ்சாத்தான் நடுவுல மூணாவது வரிசை போட முடியும். இல்லாட்டி முடியாது." அவர் எழுந்து நின்று மேசை மேல் விரலால் வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "கத்துக்குட்டிக்கு இது வராது."

தபால் ஆபீஸ் அம்மாவின் பேனா மட்டும் ஓடியது.

டீட்ஸ் சுருண்ட படத்தைத் திரும்ப விரித்தார். இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு தேடினார்.

"அம்புக்குறி எங்க போட்டிருக்கு?"

"அம்புக்குறி... படத்துல போடல."

"பின்ன, ஒரே திசைன்னு எங்க எழுதியிருக்கு?"

லோத்தாரும் குனிந்து பார்த்தார். எங்கும் எழுதியிருக்கவில்லை. கட்டில்களை வைத்தபோது அவர் அதை மனசுக்குள் நடந்து பார்த்தார். தாளில் எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. பெர்லினுக்கு அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தார். அந்தக் கடிதம் இங்கே இல்லை.

தலைவர் கோர்டுலாவைப் பார்த்தார். "வைட் அவர்களே, இந்த ஒரே திசை விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

கோர்டுலா எழுந்தாள். "தெரியாது. பாதை ஏன் ரெண்டா இருக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது." கை நீட்டி, "என் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்க," என்றாள்.

"கோப்புல சேர்ந்தாச்சு. திருப்ப முடியாது. வேணும்னா கீழ ஒரு வரி எழுதலாம்."

அவள் மேசைக்கு வந்தாள். தபால் ஆபீஸ் அம்மாவின் பேனாவை வாங்கி, 'நானே சேர்த்தேன்' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'வரைந்தேன்' என்று எழுதினாள். அலுவலகத்தில் சொல்லிக்கொடுத்தபடி, திருத்தத்துக்குப் பக்கத்தில் தேதியும் முதலெழுத்தும் போட்டாள். லோத்தாரைப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள்.

டீட்ஸ் இன்னும் படத்தின் மேல் கையை வைத்திருந்தார். "நான் இருந்தது வேற குவாரி," என்றார், யாரிடமும் என்றில்லாமல். "அங்கயும் மூணு வரிசைதான். முதல் வாரமே கத்துக்கிட்டோம், இடது பக்கம் போய் வலது பக்கம் வரணும்னு. எவனாவது மறந்துபோய் திரும்பினான்னா, கோடியில நிக்கறவன் குச்சியால போடுவான். இது யாரோ உக்காந்து யோசிச்சதுன்னு எனக்குத் தோணினதே இல்ல, இந்தப் படத்தைப் பார்த்தப்பகூட. அவனுங்க குணம்னு நெனச்சேன்."

தன் திருத்தம் இன்னொரு முகாமுக்கும் போயிருக்கிறது என்று லோத்தாருக்கு அப்போதுதான் தெரிந்தது. எந்த முகாம் என்று கேட்க வாயெடுத்தார். பிறகு ஹெட்டா இருந்த பக்கம் பார்த்தார். அவள் கழற்றிய பட்டனைத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தாள்.

*

பன்னிரண்டு நாள் கழித்துத் தீர்ப்பு தபாலில் வந்தது. ஐந்து பக்கம். இரண்டாம் பிரிவு. ஐந்து வருஷத்துக்குக் கட்டடத் தொழில் செய்யக் கூடாது. உடல் உழைப்பு மட்டும். மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் அவகாசம். மருத்துவமனை வேலையை நகரசபை அதற்குள் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது.

லோத்தார் ஒருமுறை படித்துவிட்டு வைத்தார். ஹெட்டா சிக்கரிக் காப்பி ஆறிப்போகும்வரை படித்தாள், விரலை வரியில் வைத்து.

"லோத்தார், இங்க வா. நாலாம் பக்கம். 'நடைபாதைகளின் அகலத்தை எழுபது சென்டிமீட்டராகக் குறைத்து'ன்னு போட்டிருக்கான்."

"எழுபதா? எண்பது."

"அதைத்தான் சொல்றேன்! படத்துல எண்பது. தீர்ப்புல எழுபது. அப்போ அவங்க பேசறது வேற படம். அப்படின்னு முறையீடு பண்ணு. என் அண்ணனுக்கு ஒரு தேதி தப்பா இருந்ததை வச்சே மூணுல இருந்து நாலுக்கு இறக்கினாங்க. வக்கீலைப் பார்க்கறேன். நீ மட்டும் வாயைத் திறக்காதே, உனக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். எழுபது என்றுதான் இருந்தது. எண்ணாலும் எழுத்தாலும்.

"எழுபதுன்னா தோளே இடிக்கும், ஹெட்டா. வாளி எங்க போகும்? இதைப் படிக்கிறவன் என்ன நினைப்பான்?"

"யார் படிக்கப்போறா?"

"கோப்புல இருக்கும்ல."

அவர் பேனாவை எடுத்து உட்கார்ந்தார். மதிப்புக்குரிய மன்றத்துக்கு: தீர்ப்பின் நான்காம் பக்கம், பதினோராம் வரியில் ஒரு அளவு பிழையாக உள்ளது. எனது படத்தில் நடைபாதையின் அகலம் எழுபது அல்ல, எண்பது சென்டிமீட்டர். எழுபதில் பாத்திரம் சுமந்த ஆள் நடக்க இயலாது என்பதால் அந்த அளவை எந்தக் கட்டடக்கலைஞரும் கொடுத்திருக்க முடியாது. திருத்திக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஹெட்டா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். "'எனது படத்தில்'," என்றாள். "நீயே எழுதறே. உன் கையால."

"வேற எப்படி எழுதறது?"

"எழுதாம இருக்கலாம், லோத்தார். பத்து சென்டிமீட்டர். அது நமக்கு அஞ்சு வருஷம்."

"நான் பண்ணாத தப்பை என் பேர்ல எழுதி வச்சிருக்காங்க," என்றார் அவர்.

அவள் காப்பியை எடுத்துக்கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினாள். அன்றைக்கே வக்கீலிடம் போவதாக இருந்தவள் போகவில்லை.

மறுநாள் காலை செங்கல் வேலைக்குப் போகும் வழியில் லோத்தார் கடிதத்தைத் தபாலில் போட்டார். அதற்கு ஐந்து வாரம் கழித்து மன்றத்திலிருந்து ஒரு சீட்டு வந்தது, தீர்ப்பின் நான்காம் பக்கத்தில் ஒட்டிக்கொள்ள. பதினோராம் வரியில் 'எழுபது' என்பதை 'எண்பது' என்று படிக்கவும் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. மேல்முறையீட்டுக்கான கெடு முந்தின வாரமே முடிந்திருந்தது. லோத்தார் சீட்டின் ஓரத்தை நேராக வெட்டி, உரிய இடத்தில் ஒட்டினார்.